சேவலாகாத கோழி

திட்டிக்கொண்டே வைத்தியம் பார்க்கும் ஒருவரை எனக்குத் தெரியும். மருந்து கொஞ்சம், திட்டு நிறைய. நோயாளி தேறுவது மருந்தாலா, திட்டுக்குப் பயந்தா என்பதைக் கடைசிவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவருடைய நோயாளிகளில் நானும் ஒருவன். இன்னொன்று ஒரு கோழி. இரண்டில் கோழிதான் சொன்னபடி கேட்டது.

சுங்கை பினாங்கில், அடுக்குமாடி வீடுகளுக்குப் பின்னால் இன்னும் மிச்சமிருக்கும் பலகை வீடுகளின் வரிசையில், அவரும் நானும் ஒரே சுவரைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தோம். அவர் அரிசி களைவது எனக்குக் கேட்காது. அரிசியில் கல் கிடந்தால் கேட்கும். "இதை மூட்டை கட்டுனவன் வீட்ல சோறே திங்கமாட்டானா? அவன் புள்ளைக்குப் பல்லு இல்லையா?" குடிவந்த புதிதில், பக்கத்து வீட்டில் ஏதோ பெரிய குடும்பம், ஓயாத சண்டை என்று நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, அந்த வீட்டில் ஆளே அவர் ஒருவர்தான். கணவர் தவறிவிட்டார்; ஒரே மகளை ஜொகூரில் கட்டிக்கொடுத்திருந்தார்.

அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பாயான் லெப்பாஸ் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தே பல வருடம் ஓட்டியவர். நகக்கண் அளவு கணினிச் சில்லில் முடி அளவு கீறல் இருந்தாலும் பிடித்து, 'ரிஜெக்ட்' என்று ஒதுக்குவது வேலை. "என் கண்ணு தப்பாது தம்பி" என்பார். வீட்டில் மட்டும் எதையும் ஒதுக்கத் தெரியாது. காது உடைந்த கோப்பை, ஒரு கால் நொண்டும் நாற்காலி, அடுத்த வீட்டில் நான்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். சூலியா தெருவில் பேனர் அச்சடிக்கும் கடையில் வேலை. சனி, ஞாயிறுகளில் கல்யாண மண்டபங்களில் மைக் பிடிப்பேன். என் நகைச்சுவைக்கு மாப்பிள்ளை வீட்டார் சிரிப்பார்கள். பெண் வீட்டார் சாப்பாடு எப்போது என்று கேட்பார்கள். அக்கா இரண்டும் செய்யமாட்டார். "இதுல சிரிக்கிறதுக்கு என்னடா இருக்கு?" என்று உண்மையான ஆத்திரத்தோடு கேட்டுவிட்டு, பதிலுக்கும் காத்திருப்பார். மைக் பிடிப்பவனுக்கு அதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

அவருடைய கோபம் எங்கே கிளம்பினாலும் ஓர் இடத்தில்தான் போய் முட்டும். ஒருவருக்கு நோவு என்றால் ஊர் எல்லாவற்றையும் விசாரிக்கும். எப்படி ஆனது, எங்கே ஆனது, யார் தப்பு. வலிக்கிறதா என்று மட்டும் கேட்காது. இதை அக்காவால் பொறுக்க முடியாது. இதை நான் என் சொந்தச் செலவில் தெரிந்துகொண்டேன்.

ஒரு மழை நாளில் டத்தோ கிராமாட் சாலையில் மோட்டார் சைக்கிளிலிருந்து விழுந்து கால் முறிந்தது. லாரி மோதியது என்று சொல்ல முடிந்திருந்தால் ஒரு கௌரவம் இருந்திருக்கும். நான் விழுந்தது துரியான் தோலில் சறுக்கி. யாரோ தின்றுவிட்டு ரோட்டில் எறிந்த தோல். ஆஸ்பத்திரியில் என் கட்டிலைச் சுற்றிக் கூட்டம். "மோட்டார் என்ன ஆச்சு?" என்றார் ஒருவர். "ஹெல்மட் போட்டிருந்தியா லா?" என்றார் இன்னொருவர். கடை முதலாளி, கட்சிக்காரருக்குப் போகவேண்டிய பேனர் எந்தக் கணினியில் இருக்கிறது என்று கேட்டார். தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் மட்டும் அக்கறையாகக் குனிந்து, "என்ன துரியான்? நல்ல ரகமா?" என்றார். நானும் சளைக்காமல், "தோலைத்தான் சந்திச்சேன், பழத்தோட பழக்கமில்ல" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

கால்மாட்டில் கஞ்சித் தூக்கோடு நின்றிருந்த அக்கா சிரிக்கவில்லை.

"வந்ததுலேர்ந்து பாக்குறேன். மோட்டாரைக் கேக்குறீங்க, பேனரைக் கேக்குறீங்க, பழத்தைக்கூடக் கேக்குறீங்க. அவனுக்கு வலிக்குதான்னு ஒருத்தராச்சும் கேட்டீங்களா?"

வார்டே அடங்கிவிட்டது. அதே கோபத்தோடு என் பக்கம் திரும்பினார்.

"வலிக்குதாடா?"

இல்லை என்று சொன்னால் இன்னொரு காலையும் உடைத்துவிடுவார் போலிருந்தது. "வலிக்குதுக்கா" என்றேன். சொன்ன பிறகுதான் நிஜமாகவே வலித்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கையில் ஒரு ஜோக்கும் இல்லாமல் பலர் நடுவில் அழுதது அதுவே முதல் தடவை.

"அழு. இவ்வளவு நேரம் என்ன பல்லைக் காட்டிக்கிட்டு இருந்த?" என்று திட்டிக்கொண்டே கஞ்சியை ஊட்டினார்.

நான் அங்கே படுத்திருந்தபோதுதான் அந்த வேண்டுதல் நடந்திருக்கிறது. ஆற்றோரம் ஒரு பெரிய மரம்; அதன் அடியில் தகரக் கூரை போட்ட முனியாண்டி சாமி கோயில். அக்கா தன் வீட்டுக் குஞ்சுகளில் கொண்டை நிமிர்ந்த ஒன்றைக் கையில் ஏந்திக்கொண்டு போய், "பக்கத்து வீட்டுப் பையன் கால் ஊனி நடக்கட்டும் சாமி, இந்தச் சேவலை வளத்து உனக்குக் குடுக்குறேன்" என்று விரல் நீட்டிக் காட்டி நேர்ந்துவிட்டார். பக்கத்தில் சாட்சியாகக் கோயில் தலைவர். அவர் காதில் எந்நேரமும் ஒரு ப்ளூடூத் செருகியிருக்கும். முணுமுணுப்பது சாமியிடமா, போனிலா என்று யாராலும் சொல்ல முடியாது.

ஆக, என் காலுக்கு ஈடு ஒரு சேவல் என்று பேசி முடிந்தது. கேள்விப்பட்டபோது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆடாக இருந்திருக்கலாம்.

கால் ஊன்றி நடந்தேன். குஞ்சும் வளர்ந்தது. கூவும் கூவும் என்று காத்திருந்தோம். ஒரு நாள் காலையில் பின்கட்டில் மூலையில் போட்டிருந்த என் உடைந்த ஹெல்மட்டுக்குள்ளிருந்து அது எழுந்து வெளியே வந்து, ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தது. உள்ளே எட்டிப் பார்த்தேன். முட்டை.

அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். முட்டையை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மைக்ராஸ்கோப்பில் பார்ப்பதுபோல் ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "என் கண்ணு தப்பிடுச்சேடா" என்றார். அன்று முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அரிசியில் அன்று கல் இருந்ததா என்று எனக்குத் தெரியாது.

தலைவர் சட்டம் பேசினார். கையைக் காட்டி நேர்ந்துவிட்டது விட்டதுதான். சேவலோ பெட்டையோ, சாமிக்கு உரியது. அக்கா என்னையும் இழுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். தேங்காய் உடைத்தார், சுருட்டு பற்றவைத்து வைத்தார். பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சாமியிடமே பேசினார்.

"நான் தரேன்னு சொன்னது சேவல். இது பொட்டை. தப்பு என் கண்ணு மேல. அதுக்கு இது தலை ஏன் போவணும்? முட்டை போடுறது ஒரு குத்தமா? நீயே நியாயத்தைச் சொல்லு."

சாமி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்ப பாசார்ல ஒரு சேவல் வாங்கிக் குடுத்துடும்மா" என்றார் தலைவர்.

"கடையில வாங்கினா அது கடைக்காரன் வளத்தது. நான் நேர்ந்தது என் வீட்டுச் சேவலை. இது என்னைக்குச் சேவலாகுதோ, அன்னைக்குக் கொண்டாந்து விடுறேன்."

அதோடு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது. கோழி தினம் என் ஹெல்மட்டில் முட்டையிட்டது. என் தலை இருந்த இடத்தில் உருப்படியாக ஏதாவது உருவானது அப்போதுதான் என்று அக்கா சொல்வார். அவர் அதை ஜோக்காகச் சொல்லவில்லை.

பிறகு ஒரு நாள் கோழி நிற்கும் விதம் மாறியது. வாலைத் தொங்கவிட்டு, நெஞ்சை நிமிர்த்தி, கால்களை அகட்டி, கல்யாண மண்டப வாசலில் வரவேற்க நிற்கும், பெண்ணைப் பெற்ற தகப்பனார்போல் நின்றது. நான் அப்படித்தான் சொன்னேன். அக்கா பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டேன். கோழி கண்ணை மூடி மூடித் திறந்தது. முக்கியது. தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை.

செய்தி எப்படித்தான் போனதோ, தலைவர் கோழியைச் சுற்றிக் கொண்டுபோக மஞ்சள் துணியோடு பின்சந்தில் வந்து நின்றார்.

"பாத்தியாம்மா? சாமி கேட்டுட்டாரு. உசுரோட இருக்கும்போதே குடுத்துட்டா ஒண்ணுமில்ல. செத்துப்போச்சுன்னா பாக்கி தம்பி தலையிலதான் விழும்."

"தலையிலயா, கால்லயாண்ணே?" என்றேன். பின்சந்தில் நின்ற எல்லோரும் என் காலைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். ஆறிப்போன கால், அந்த நிமிடத்திலிருந்து விண்விண் என்று தெறிக்க ஆரம்பித்தது.

"அதுக்குள்ள அறுத்து சூப்பு வெச்சிடுங்க லா" என்று எதிர்வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்.

அக்கா கோழியைக் கையில் தூக்கிக்கொண்டார்.

"தலைவருக்குச் சாமி பாக்கி தெரியுது. உங்களுக்குச் சூப்பு தெரியுது. இவனுக்கு இவன் காலு தெரியுது. நேத்துலேர்ந்து இது ஒரு வாய் தின்னல, கண்ணு தொறக்க மாட்டேங்குது, அது யாருக்கும் தெரியலையா?"

"கோழிதானேம்மா" என்றார் தலைவர், சமாதானமாக.

"கோழிதான். கோழிக்கு வலிச்சா கோழிக்குத்தானே வலிக்கும். உங்களுக்கா வலிக்கப் போகுது?" என்றவர் என் பக்கம் திரும்பினார். "மோட்டாரை எடுடா."

பிஸ்கட் பெட்டியில் கோழி, பின்சீட்டில் அக்கா, பயத்தில் நான். துரியான் தோல் கிடக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓட்டி, ஒரு கால்நடை கிளினிக்குக்குப் போய்ச் சேர்ந்தோம். வரவேற்பறையில் கழுத்துப்பட்டை போட்ட பூனைகள் மடிமீது உட்கார்ந்து எங்களை ஏற இறங்கப் பார்த்தன. மேசையில் இருந்த மலாய்க்காரப் பெண், நோயாளியின் பெயர் என்ன என்று மலாயில் கேட்டாள். கோழிக்கு அக்கா பெயர் வைத்ததில்லை. 'ஏய்' என்றால் வரும். ஒரு கணம் யோசித்தார். பிறகு என் பெயரைச் சொன்னார்.

"ஏங்க்கா?"

"உனக்காகத்தானே இதை நேர்ந்தது? உன் பேருதான் இதுக்கு."

சற்று நேரத்தில் அந்தப் பெண் உள்ளேயிருந்து என் பெயரை உரக்க அழைத்தாள். பழக்கதோஷத்தில் நான் எழுந்து நின்றேன். பூனைகள்கூடத் திரும்பிப் பார்த்தன.

டாக்டர் இளம் சீனர். பெட்டிக்குள் பார்த்துவிட்டுச் சிரித்தார். இங்கே நாயும் பூனையும்தான் பார்ப்போம், இது கோழிதானே ஆண்ட்டி, பாசாரில் புதுசு கிடைக்குமே லா என்று மலாயில் சொன்னார். கெட்ட மனிதர் இல்லை. அவருக்குத் தெரிந்த உதவியைச் சொன்னார்.

அக்கா பெட்டியை அவர் மேசைமேல் வைத்தார். "டாக்டர், சாக்கித் கா தாக்?" என்றார். வலிக்கிறதா, இல்லையா. அவ்வளவுதான் கேள்வி. ஆஸ்பத்திரி வார்டை அடக்கிய அதே குரல், மலாயில். "புதுசு வாங்குறது எனக்குத் தெரியும். இதுக்கு வலிக்குதா, இல்லையா? அதைச் சொல்லுங்க."

டாக்டரின் சிரிப்பு மெல்ல நின்றது. கையுறை மாட்டிக்கொண்டு, கோழியின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். "வலிக்கிறது" என்றார். முட்டை உள்ளே அடைத்துக்கொண்டிருக்கிறதாம். ஊசி போட்டார். வெதுவெதுப்பான தண்ணீரில் உட்கார வைக்கச் சொன்னார். பின்பக்கம் எண்ணெய் தடவி, இருட்டாக, சத்தமில்லாமல் ஓர் இடத்தில் விடச் சொன்னார். அதற்கும் வெளிவராவிட்டால் பிழைப்பது கஷ்டம் என்றார்.

சத்தமில்லாமல் என்பதுதான் சிக்கல்.

பின்கட்டில் துணி ஊறவைக்கும் பிளாஸ்டிக் பேசினில் வெந்நீரும் பச்சைத்தண்ணீரும் கலந்து, முழங்கையை விட்டுப் பதம் பார்த்தார் அக்கா. நான் கோழியின் இறக்கைகளை அணைத்துப் பிடித்துக்கொண்டேன். அது என் கைக்குள் சூடாக, ஒன்றுமே இல்லாத கனத்தில் இருந்தது. இதயம் அடிப்பது உள்ளங்கையில் தெரிந்தது. ஜன்னலுக்குக் கோணி மாட்டி இருட்டாக்கிவிட்டு, அக்கா ரகசியக் குரலில் திட்ட ஆரம்பித்தார்.

"தின்னத் தெரியுது, தினம் ஊரைக் கூட்டத் தெரியுது, ஒரு முட்டையை இறக்கத் தெரியலையா? யாரு உன்னை அவசரப்படுத்துனா? வெளியே துணியை வெச்சுக்கிட்டு நிக்கிறாரே, அவருக்குப் பயந்துக்கிட்டியா? நான் இருக்கேன்ல. முக்கு. வலிக்குது, தெரியும். முக்கு."

தண்ணீர் ஆற ஆற மாற்றினோம். எண்ணெய் தடவிய விரலால் அக்கா வயிற்றை மெதுவாக நீவிவிட்டார். மத்தியானம் சாய்ந்து வெயில் கோணியின் ஓட்டை வழியாக நீளமாக விழுந்தபோது, கோழி கழுத்தை என் கையில் சாய்த்துவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். கால் தெறிப்பதே மறந்துபோயிருந்தது. "அக்கா, அதுக்கு ரொம்ப வலிக்குதுக்கா" என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். அன்று என்னைத் திட்டாமல் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

பிறகு பேசினுக்குள் ஏதோ நழுவி விழுந்தது.

ஓடு மெலிந்து, ஒருபக்கம் சப்பி, சுருக்கம் விழுந்த முட்டை. அக்கா துடைத்து, கோணியின் ஓட்டையில் வந்த வெளிச்சத்தில் பிடித்து, ஒரு கண்ணைச் சுருக்கினார்.

"ரிஜெக்ட்" என்றார்.

அந்த வீட்டில் அவர் எதையாவது ஒதுக்கி நான் பார்த்தது அன்றுதான். கோழியை மடியில் போட்டுத் துவட்டிக்கொண்டே, "இந்த லட்சணத்துக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார். கோழி கண்ணைத் திறந்து பார்த்தது. வெளியே தலைவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "அண்ணே, சுகப்பிரசவம்." அவர் சிரித்துவிட்டு உடனே சிரிக்காததுபோல் வைத்துக்கொண்டார்.

முட்டி வலி முற்றியதும் மகள் வந்து அக்காவை ஜொகூருக்கு அழைத்துப் போனாள். அங்கே உயரமான அடுக்குமாடி. கோழிக்கு அனுமதி இல்லை. "ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குங்க" என்று என்னிடம் விட்டுப்போனார். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் போன் வரும். என்னிடம் பேசமாட்டார். "போனை அதுகிட்ட வை" என்பார். ஸ்பீக்கரில் போட்டுத் தீனித்தட்டுக்குப் பக்கத்தில் வைப்பேன். ஜொகூரிலிருந்து திட்டு வரும். கோழி தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, மளமளவென்று தின்னும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதே எண்ணிலிருந்து மகள் பேசினாள். அக்கா போய்விட்டார். நான் போனைத் தட்டுப் பக்கம் வைக்கவில்லை.

அதற்குப் பிறகு கோழி சரியாகத் தின்னவில்லை. டாக்டரிடம் காட்டினேன், உடம்பில் ஒன்றுமில்லை என்றார். திட்டிப் பார்த்தேன். என் திட்டில் சரக்கு இல்லை. பாதியில் எனக்கே சிரிப்பு வந்துவிடும். கோழி என்னை, துரியான் ரகம் கேட்ட அந்தத் தூரத்துச் சொந்தக்காரரைப் பார்ப்பதுபோல் பார்த்தது.

அப்படி ஒரு காலையில்தான் தலைவர் பின்சந்தில் வந்து நின்றார். கையில் அதே மஞ்சள் துணி.

"தம்பி, நேர்ந்தவங்களும் போய்ச் சேர்ந்துட்டாங்க. சாமி பாக்கி அப்படியே நிக்குது. கோழியும் இளைச்சுப்போச்சு, பாரு. இதுக்கு மேல இழுக்காத. வெள்ளிக்கிழமை குடுத்துடு."

எனக்கு ஒரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக். அதைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"வந்ததுலேர்ந்து பாக்குறேண்ணே. பாக்கியைக் கேக்குறீங்க, கிழமையைச் சொல்றீங்க. அவங்க போனதுலேர்ந்து இது தின்னமாட்டேங்குது. ஞாயித்துக்கிழமையானா வந்து போன் வைக்கிற இடத்துல நிக்குது. இது எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் எப்படி இருக்கேன்னு கேட்டீங்களா? இதே சந்துலதானே அவங்க அத்தனை வருஷம் இருந்தாங்க? சாமிக்கு என்ன பாக்கின்னு மட்டும் மறக்காம வந்து நிக்கிறீங்க. ஒருத்தனுக்கு வலிக்குதான்னு கேக்குறதுக்கு இந்த ஊர்ல ஆளே இல்லையா?"

சுவருக்கு அந்தப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் டிவி சத்தத்தைக் குறைத்தார்கள். பக்கத்து வீட்டில் ஏதோ பெரிய குடும்பம் என்று நினைத்திருப்பார்கள்.

தலைவர் காதிலிருந்த ப்ளூடூத்தைக் கழற்றினார். அவர் காதை நான் முழுதாகப் பார்த்தது அன்றுதான். குனிந்து கோழியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வலிக்குதா தம்பி?" என்றார்.

"வலிக்குதுண்ணே."

எங்கள் காலடியில் டொக் டொக் என்று சத்தம். தகரத் தட்டில் கோழி கொத்திக்கொண்டிருந்தது. தலைவர் மஞ்சள் துணியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

"அப்ப சாமிகிட்ட நான் என்னன்னு சொல்லட்டும்?"

"சேவலானதும் கொண்டாந்து விடுறேன்னு சொல்லுங்க."